ஒரு தொகுதி, இரு மாநில சபை உறுப்பினர்கள்: மினசோட்டாவிலிருந்து வாஷிங்டன் சென்ற முஸ்லிம்கள்

2007 ஜனவரி 04 ஆம் திகதி வாஷிங்டனில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் இன்றும் எமது வட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது வலம் வருகிறது. கறுப்பின மனிதர் ஒருவர் பழைய அல்குர்ஆன் பிரதியொன்றின் மீது கைவைத்து நிற்கிறார். பக்கத்தில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் நான்சி பெலோசி. "அமெரிக்க முஸ்லிம்களின் வாக்குப் பலத்தைப் பாருங்கள்" என்ற பாணியில் ஒரு குறிப்பும் சேர்ந்து வரும். மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டு அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறோம்.

அந்தப் படத்தில் இருப்பவர் கீத் எலிசன். அமெரிக்கக் காங்கிரசுக்குத் தெரிவான முதலாவது முஸ்லிம். ஆனால் அவரை அனுப்பியது முஸ்லிம்களின் வாக்குப் பலமல்ல. அவர் வென்ற தொகுதியில் முஸ்லிம்கள் மிகச் சிறிய எண்ணிக்கையினர்; வாக்காளர்களில் பெரும்பான்மையானோர் வெள்ளையினத்தவர். இன்னுமொரு விடயம். அந்தப் படம் சத்தியப்பிரமாணத்தின் படமே அல்ல. காங்கிரஸ் உறுப்பினர்கள் சபைக்குள் ஒன்றாக எழுந்து நின்று, வலது கையை உயர்த்தி, எந்த வேத நூலையும் தொடாமலே சத்தியம் செய்கிறார்கள். பின்னர் ஒவ்வொருவரும் குடும்பத்தாருடன் சபாநாயகருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். பைபிளோ, தோராவோ, குர்ஆனோ வருவது அந்தப் படத்துக்காக மட்டுமே.

பாடசாலையில் குடியியற் கல்வி கற்பிப்பவன் என்ற வகையில், படத்தை விட அதற்குப் பின்னாலிருக்கும் வழிமுறைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு மாநில சபை உறுப்பினர் எப்படித் தேசிய சபைக்குப் போகிறார்? யார் அவரை நியமிக்கிறார்கள்? யார் எதிர்க்கிறார்கள்? ஒரே தொகுதியிலிருந்து, 12 வருட இடைவெளியில், இரண்டு முஸ்லிம்கள் அந்தப் பாதையால் போயிருக்கிறார்கள். எலிசன் முதலாமவர். இல்ஹான் உமர் இரண்டாமவர்.

முதலில் சபைகளைப் பற்றி. அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் தனித்தனி அரசியலமைப்பு, தனி நீதிமன்றங்கள், தனி வரிகள் உண்டு. எமது மாகாண சபைகளை மனதில் வைத்து அவற்றை அளந்தால் பிழைத்துவிடும். மினசோட்டாவின் சட்டசபைக்கு இரண்டு மன்றங்கள்: 134 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை, 67 பேர் கொண்ட செனட் சபை. பிரதிநிதிகள் சபையின் பதவிக்காலம் இரண்டு வருடங்கள். அந்த இரண்டு வருடங்களில் சபை கூடக்கூடிய நாட்கள் 120 மாத்திரமே. எனவே உறுப்பினர்களில் பலருக்கு வேறு தொழில் உண்டு. ஆசிரியர்கள், விவசாயிகள், சட்டத்தரணிகள் எல்லோரும் அங்கே இருப்பார்கள்.

ஒரு மாநில சபைத் தொகுதியில் சுமார் 40,000 பேர் வாழ்கிறார்கள். வாஷிங்டனில் உள்ள 435 ஆசனங்கள் கொண்ட தேசியப் பிரதிநிதிகள் சபைக்கு மினசோட்டாவிலிருந்து 8 பேர் போகிறார்கள். அவ்வாறான ஒரு தொகுதியில் வசிப்போர் 6 இலட்சத்துக்கும் மேல். 40,000 பேருக்குத் தெரிந்த முகத்தை அத்தனை இலட்சம் பேருக்குத் தெரிந்த முகமாக்குவதுதான் இந்தப் பயணத்தின் கஷ்டம். 5 ஆம் தொகுதி என்பது மினியாபொலிஸ் நகரமும் அதை ஒட்டிய சில புறநகரங்களும். நீண்ட காலமாக ஜனநாயகக் கட்சியின் கோட்டை. அங்கே உண்மையான போட்டி நவம்பர் பொதுத்தேர்தலில் நடப்பதில்லை, கட்சிக்குள்ளேயே நடக்கிறது.

அந்தக் கட்சிக்கு மினசோட்டாவில் ஒரு தனிப் பெயர் இருக்கிறது: ஜனநாயக-விவசாயி-தொழிலாளர் கட்சி, சுருக்கமாக டி.எப்.எல். 1944 இல் ஜனநாயகக் கட்சியும் விவசாயி-தொழிலாளர் கட்சியும் ஒன்றிணைந்து உருவானது. அதன் வேட்பாளரைத் தெரிவு செய்யும் முறை இரண்டு படிகளைக் கொண்டது. முதலாவது, ஊர்க் கூட்டம். பாடசாலை மண்டபத்திலோ சனசமூக நிலையத்திலோ அந்த வட்டாரத்து ஆதரவாளர்கள் ஓர் இரவு கூடிப் பேசி, தமக்கான பேராளர்களைத் தெரிவு செய்வார்கள். அந்தப் பேராளர்கள் தொகுதி மாநாட்டில் வாக்களித்து ஒருவரைக் கட்சியின் ஆதரவு பெற்றவராக அறிவிப்பார்கள். அதற்கு 60 சதவீத வாக்கு வேண்டும். கிடைக்கும் வரை சுற்றுச் சுற்றாக வாக்கெடுப்பு நடக்கும், அல்லது ஒருவரும் அறிவிக்கப்படாமல் மாநாடு கலையும்.

இரண்டாவது, முதனிலைத் தேர்தல். இதை நடத்துவது கட்சி அல்ல, அரசாங்கம். கட்சியின் ஆதரவு கிடைக்காதவரும் இதில் நிற்கலாம். வென்றால் அவரே வேட்பாளர். கட்சித் தலைவரின் வீட்டு வாசலில் வேட்புமனுவுக்காகக் காத்திருக்கும் வழக்கத்துக்குப் பழகிய எமக்கு இது புதினமாகத்தான் தெரியும். தலைமை விரும்பாத ஒருவரை மக்கள் உள்ளே கொண்டுவர ஒரு கதவு சட்டப்படியே திறந்திருக்கிறது.

எலிசன் 1963 இல் டிட்ரொய்ட்டில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர். வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, 19 வயதில், இஸ்லாத்தைத் தழுவினார். பின்னர் மினசோட்டாவுக்கு வந்து 1990 இல் சட்டப் பட்டம் பெற்றார். சில வருடங்கள் தனியார் சட்ட நிறுவனமொன்றில் இருந்துவிட்டு, வறியவர்களுக்காக வழக்காடும் ஓர் இலாப நோக்கற்ற நிலையத்தின் பணிப்பாளரானார். சமூக வானொலியில் நிகழ்ச்சியும் நடத்தினார். 2002 இல் வடக்கு மினியாபொலிஸிலிருந்து மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவாகி, 2004 இல் மீண்டும் வென்றார்.

2006 மார்ச்சில் 5 ஆம் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் மார்ட்டின் சாபோ ஓய்வை அறிவித்தார். 28 வருடங்கள் அந்த ஆசனத்தில் இருந்தவர். அவரும் மாநில சபையிலிருந்துதான் போனவர், அங்கே சபாநாயகராக இருந்தவர். ஆக மாநில சபையிலிருந்து வாஷிங்டன் என்பது அந்த ஊருக்குப் பழகிய பாதை. கால் நூற்றாண்டுக்கு மேல் காலியாகாத ஓர் ஆசனம் காலியானால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பலர் முண்டியடித்தார்கள். சாபோவின் அலுவலகத் தலைவராகவும் கட்சியின் மாநிலத் தலைவராகவும் இருந்த மைக் எர்லான்ட்சன் அவர்களில் ஒருவர். சாபோவின் ஆதரவும் அவருக்கே.

மே மாத மாநாட்டில், பல சுற்று வாக்கெடுப்புக்குப் பின்னர், கட்சியின் ஆதரவைப் பெற்றவர் எலிசன். ஈராக்கிலிருந்து படைகளை உடனே மீளப்பெற வேண்டும், எல்லோருக்கும் அரசாங்கமே மருத்துவக் காப்புறுதி வழங்க வேண்டும் என்பவை அவருடைய பிரதான கோரிக்கைகள். 2006 இல் ஈராக் யுத்தம் கட்சித் தொண்டர்களின் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது. மாநாட்டு மண்டபத்தில் இருந்த பேராளர்கள் ஒரு முஸ்லிமைத் தேடிப் போகவில்லை. யுத்தத்தைப் பற்றித் தயங்காமல் பேசுபவரைத் தேடினார்கள்.

ஆதரவு கிடைத்த பிறகுதான் சோதனை ஆரம்பித்தது. அவரது பழைய பைல்கள் எல்லாம் வெளியே வந்தன. வாகனத் தரிப்புக்கான தண்டப்பணத்தைக் கட்டாமல் விட்டது, அதனால் சாரதி அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டது, தேர்தல் நிதியறிக்கைகளைப் பிந்திச் சமர்ப்பித்தது. இவை உண்மை, அவரும் மறுக்கவில்லை. எமது சமூகத்தில் இருந்து பொது வாழ்வுக்குப் போக நினைக்கும் இளைஞர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசிப்பது நல்லது. கட்டாமல் விட்ட சிறிய தண்டப்பணம் எத்தனை வருடங்களின் பின் எந்தப் பத்திரிகையின் முன்பக்கத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது.

இவற்றை விடப் பாரதூரமான குற்றச்சாட்டு வேறு. சட்ட மாணவனாக இருந்தபோது நேஷன் ஒப் இஸ்லாம் இயக்கத் தலைவர் லூயிஸ் பராகானை ஆதரித்து எழுதியிருந்தார். 1995 ஒக்டோபரில் வாஷிங்டனில் நடந்த பத்து இலட்சம் பேர் பேரணிக்கு மினசோட்டாவிலிருந்து ஆட்களை ஒழுங்குபடுத்தியும் இருந்தார். அந்த இயக்கத்தின் கொள்கைகள் எமது அகீதாவோடு பொருந்தாதவை என்பது ஒருபுறம். அதன் தலைவரின் யூத விரோதப் பேச்சுகள்தான் அங்கே பிரச்சினை. எலிசன் என்ன செய்தார்? மௌனமாக இருக்கவில்லை, "முஸ்லிம் என்பதால் தாக்குகிறார்கள்" என்று கூச்சலிடவும் இல்லை. உள்ளூர் யூத சமூக அமைப்புக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுதினார். அந்த இயக்கத்தின் கருத்துகளைத் தான் போதியளவு ஆராயாமல் விட்டது பிழை என்று ஏற்றுக்கொண்டு, அவற்றை நிராகரித்தார். மினியாபொலிஸில் வெளியாகும் யூதச் சமூகப் பத்திரிகை பின்னர் அவரையே ஆதரித்து எழுதியது. எனக்கு அவரது வாழ்க்கையில் மிகவும் பிடித்த இடம் இது. உண்மையாகப் பிழைத்த இடத்தில் பிழை என்று சொல்வதால் ஓர் ஆள் சிறுத்துப்போவதில்லை.

செப்டெம்பர் 12 முதனிலைத் தேர்தலில் எலிசனுக்கு 41 சதவீதம், எர்லான்ட்சனுக்கு 31 சதவீதம், மாநில செனட் சபையின் முன்னாள் உறுப்பினர் எம்பர் ரைக்கொட் ஜங்கிற்கு 21 சதவீதம். நவம்பரில் 56 சதவீதத்துடன் வென்றார். அது சாபோ வழக்கமாகப் பெற்றதை விடக் குறைவு. சில ஆயிரம் ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள் அவரைத் தாண்டி மூன்றாம் கட்சி வேட்பாளருக்குப் போட்டிருக்கிறார்கள் என்பதையும் அந்த எண் சொல்கிறது. காங்கிரசின் முதல் முஸ்லிம் என்ற அதே நாளில், மினசோட்டா அனுப்பிய முதல் கறுப்பின உறுப்பினர் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது.

இனி அந்த குர்ஆனின் கதை. புகைப்படத்துக்குத் தன் வேத நூலையே பயன்படுத்தப்போவதாக எலிசன் சொன்னதும் வலதுசாரி எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். பைபிளில் சத்தியம் செய்ய முடியாதவர் காங்கிரசுக்கு வரக்கூடாது என்று டெனிஸ் பிரேகர் எழுதினார். வேர்ஜினியாவின் 5 ஆம் தொகுதி உறுப்பினர் வேர்ஜில் கூட், குடிவரவைக் கட்டுப்படுத்தாவிட்டால் இன்னும் பல முஸ்லிம்கள் தெரிவாகிவிடுவார்கள் என்று தன் வாக்காளர்களுக்குக் கடிதம் அனுப்பினார். எலிசனோ குடியேறியவரே அல்ல. அவருடைய முன்னோர்கள் அமெரிக்காவில் 18 ஆம் நூற்றாண்டிலேயே இருந்தவர்கள்.

அமெரிக்க அரசியலமைப்பின் 6 ஆவது உறுப்புரை, எந்த அரச பதவிக்கும் சமயத் தகுதி கோரப்படக்கூடாது என்கிறது. சட்டப்படி அதோடு விவாதம் முடிந்தது. எலிசன் அதற்கு மேலும் ஒன்று செய்தார். காங்கிரஸ் நூலகத்தில் இருந்த தோமஸ் ஜெபர்சனின் குர்ஆன் பிரதியை இரவல் பெற்றார். ஜோர்ஜ் சேல் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. முதலில் 1734 இல் லண்டனில் வெளியானது. ஜெபர்சனிடம் இருந்தது 1764 ஆம் ஆண்டின் இரண்டு பாகப் பதிப்பு. சட்டம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1765 இல், வாங்கியிருக்கிறார். 1814 இல் பிரித்தானியப் படைகள் வாஷிங்டனுக்குத் தீ வைத்து நூலகம் அழிந்ததும், அடுத்த வருடம் ஜெபர்சன் தனது ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களைக் காங்கிரசுக்கு விற்றார். 1851 இல் இன்னொரு தீ. ஜெபர்சனின் நூல்களில் மூன்றில் இரண்டு பங்கு சாம்பலானது. குர்ஆன் தப்பியது. ஜெபர்சன் பிறந்த ஊர் இருக்கும் அல்பமார்ல் மாவட்டம், கடிதம் எழுதிய கூட்டின் தொகுதிக்குள்தான் வருகிறது.

ஜெபர்சனைப் பெரிய நல்லவராக நான் காட்டவில்லை. நூற்றுக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர் அவர். அந்த ஆளின் புத்தகத்தில் ஒரு கறுப்பின முஸ்லிம் கைவைத்தார் என்பதை எப்படி வாசிப்பது என்று அவரவர் தீர்மானிக்கலாம்.

எலிசன் அந்த ஆசனத்தில் 12 வருடங்கள் இருந்தார். காங்கிரசின் முற்போக்கு உறுப்பினர்கள் குழுவுக்கு இணைத் தலைவரானார். 2017 பெப்ரவரியில் ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு, 235 க்கு 200 என்ற வாக்குகளில் டொம் பெரஸிடம் தோற்றார். அடுத்த வருடம் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார்: வாஷிங்டனை விட்டுவிட்டு, தன் மாநிலத்தின் சட்டமா அதிபர் பதவிக்கு வந்தார். எம் நாட்டில் சட்டமா அதிபரை ஜனாதிபதி நியமிக்கிறார்; மினசோட்டாவில் அவரை மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். ஜோர்ஜ் புளொய்ட்டைக் கொன்ற பொலிஸ் உத்தியோகத்தர் டெரெக் ஷோவினுக்கு எதிரான வழக்கை நெறிப்படுத்தியது எலிசனின் அலுவலகம்தான். 2021 ஏப்ரல் 20 இல் ஷோவின் குற்றவாளியென ஜூரிகள் தீர்ப்பளித்தனர்.

இல்ஹான் உமரின் கதை வேறு மாதிரியானது. 1982 இல் மொகதிஷுவில், ஏழு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். தந்தை இராணுவ அதிகாரியாகவும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிப்பவராகவும் இருந்தவர். ஆசிரியர் கலாசாலையில் பயின்றவன் என்பதால் அந்தக் கடைசித் தகவல் என் கண்ணில் தனியாகப் பட்டது. 1991 இல் உள்நாட்டு யுத்தம் குடும்பத்தைத் துரத்தியது. கென்யாவில் அகதி முகாமில் நான்கு வருடங்கள். 1995 இல் அமெரிக்கா. ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மனிதர் அங்கே டாக்சி ஓட்டினார், பின்னர் தபால் திணைக்களத்தில் வேலை செய்தார். குடும்பம் மினியாபொலிஸில் குடியேறியது.

மேலே சொன்ன அந்த ஊர்க் கூட்டங்களுக்கு அவருடைய பாட்டனார் போவாராம். ஆங்கிலம் போதாது. 14 வயதுப் பேத்தி கூடப்போய் மொழிபெயர்ப்பாள். இல்ஹானின் அரசியல் பாடசாலை அதுதான். எமது பள்ளிவாசல் கூட்டங்களிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களிலும் 14 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி எழுந்து நின்று பெரியவர்களுக்காகப் பேச இடமுண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பல்கலைக்கழகப் படிப்புக்குப் பிறகு நகரசபை உறுப்பினர் ஒருவரிடம் கொள்கை உதவியாளராக வேலை செய்தார். 2016 இல் மாநில சபைக்குப் போட்டியிட முன்வந்தபோது எதிரே இருந்தவர் பிலிஸ் கான். 1972 இல் தெரிவாகி 44 வருடங்கள் அதே சபையில் இருந்தவர், அவரும் முற்போக்குவாதிதான். இன்னொரு சோமாலியரான முகமத் நூரும் களத்தில் இருந்தார். ஆக, "எங்கள் ஆள்" என்று சொல்லி வாக்குக் கேட்க முடியாத போட்டி. சோமாலிய வாக்குகள் பிரிந்தன. இல்ஹான் பல்கலைக்கழக மாணவர்களிடமும் ஏனைய வாக்காளர்களிடமும் கதவு கதவாகப் போனார். ஆகஸ்ட் முதனிலைத் தேர்தலில் வென்றார். நவம்பரில், ட்ரம்ப் ஜனாதிபதியாகத் தெரிவான அதே இரவில், அமெரிக்க மாநில சபையொன்றுக்குத் தெரிவான முதல் சோமாலிய-அமெரிக்கரானார். அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் ட்ரம்ப் மினியாபொலிஸுக்கு வந்து சோமாலிய அகதிகளால் மினசோட்டா அவதிப்படுவதாகப் பேசிவிட்டுப் போயிருந்தார்.

மாநில சபையில் அவரது கட்சி சிறுபான்மை. பெரிதாக எதையும் நிறைவேற்ற முடியவில்லை. ஒரு தவணை முடிவதற்குள்ளேயே தேசியக் கதவு திறந்தது, அதுவும் 48 மணித்தியாலங்களுக்குள். 2018 ஜூன் ஆரம்பத்தில், மாநிலச் சட்டமா அதிபராக இருந்த லோரி ஸ்வான்சன் திடீரென ஆளுநர் பதவிக்கு மனுத் தாக்கல் செய்தார். காலியான அந்தப் பதவிக்கு, மனுத் தாக்கலுக்கான கடைசி நாளான ஜூன் 05 இல், எலிசன் மனுக் கொடுத்தார். எலிசனின் ஆசனம் காலி. அதே நாளில் இல்ஹான் தன் மனுவைக் கொடுத்தார். 12 நாட்களில் விசேட மாநாடு கூடியது, கட்சியின் ஆதரவு அவருக்கு. ஓர் இரவில் இவ்வளவு நடந்தது போலத் தெரியலாம். ஊர்க் கூட்டங்களில் அவரை இருபது வருடங்களாகப் பார்த்தவர்கள்தான் அந்த மாநாட்டில் பேராளர்களாக இருந்தார்கள்.

ஆகஸ்ட் 14 முதனிலைத் தேர்தலில் எதிரே நின்றவர்களில் முக்கியமானவர் மாகரட் அண்டர்சன் கெலிஹர். மாநில சபையின் முன்னாள் சபாநாயகர், ஒரு காலத்தில் ஆளுநர் வேட்பாளராவதற்கு மிக அருகில் வந்தவர். இல்ஹானுக்கு 48 சதவீதம், அவருக்கு 30 சதவீதம். நவம்பரில் 78 சதவீதம். அனைவருக்கும் அரச மருத்துவக் காப்புறுதி, மணித்தியாலத்துக்கு 15 டொலர் குறைந்தபட்சச் சம்பளம், கட்டணமில்லாப் பல்கலைக்கழகக் கல்வி, மாணவர் கடன் இரத்து ஆகியன அவர் முன்வைத்தவை. வெள்ளையின ஆசிரியை ஒருவர் இல்ஹானுக்கு வாக்களித்திருந்தால், அது ஹிஜாபுக்காக இருந்திருக்காது. ஹிஜாபை ஒரு தடையாக அவர் பார்க்கவில்லை என்பதுதான் பெரிய விடயம்.

சபைக்குள் தலையை மூடும் எதையும் அணியக்கூடாது என்ற விதி 1837 இலிருந்து இருந்தது. தொப்பிகளை நினைத்துச் செய்த விதி. 2019 ஜனவரியில் புதிய சபை கூடியபோது சமய ரீதியான தலையணிக்கு விலக்களித்து விதி திருத்தப்பட்டது. இல்ஹான் தன் பாட்டனாரின் குர்ஆனில் கைவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். கூட்டங்களுக்கு அவர் கைபிடித்து அழைத்துச் சென்ற அதே பாட்டனார்.

அதே நாளில் மிச்சிகனிலிருந்து ரஷீதா தலைப்பும் பதவியேற்றார். போர்ட் மோட்டார் தொழிற்சாலைத் தொழிலாளியான பலஸ்தீனர் ஒருவரின் 14 பிள்ளைகளில் மூத்தவர். அவரும் 2009 முதல் 2014 வரை மாநில சபையில் இருந்தவர். டிட்ரொய்ட் ஆற்றங்கரையில் குவிக்கப்பட்டிருந்த கரித்தூள் மலைகளுக்கு எதிராகப் போராடியவர். அவருடைய தேர்தலில் ஒரு விசித்திரம் உண்டு, என் மாணவர்களுக்கு நான் கணக்காகவே கொடுப்பதுண்டு. 2018 ஆகஸ்டில் ஒரே நாளில், ஒரே தொகுதியில் இரண்டு முதனிலைத் தேர்தல்கள். ஒன்று, முன்னவர் இராஜினாமாச் செய்ததால் எஞ்சிய சில வாரங்களுக்கு. மற்றது முழுத் தவணைக்கு. முதலாவதில் நான்கு வேட்பாளர்கள்: நகரசபைத் தலைவி பிரெண்டா ஜோன்ஸ் வென்றார், ரஷீதா தோற்றார். இரண்டாவதில் ஆறு வேட்பாளர்கள்: ஏறத்தாழ 900 வாக்குகளால் ரஷீதா வென்றார், ஜோன்ஸ் தோற்றார். வாக்காளர்கள் அதே ஆட்கள். வேட்பாளர் பட்டியலில் இரண்டு பெயர் கூடியதுதான் வித்தியாசம்.

இனி, எமது தளங்களில் பெரும்பாலும் எழுதப்படாத பகுதி. எலிசனும் இல்ஹானும் வென்றது ஒரு கூட்டணியால். தொழிற்சங்கங்கள், கறுப்பினத்தவர்கள், மாணவர்கள், பெண்ணுரிமை அமைப்புகள், ஒருபாலின உறவாளர் அமைப்புகள் எல்லாம் அதில் அடங்கும். 2012 இல் ஒருபாலினத் திருமணத்தைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் மினசோட்டாவில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எலிசன் அதை எதிர்த்தார். கருக்கலைப்பு உரிமையை இல்ஹான் ஆதரிக்கிறார். மார்க்க ரீதியாக இவற்றை நான் ஏற்கவில்லை. வாசகர்களில் பலரும் ஏற்கமாட்டார்கள், அமெரிக்க முஸ்லிம்களிலும் பலர் ஏற்கவில்லை. பலஸ்தீனத்துக்காக அவர் பேசும்போது கைதட்டிவிட்டு, மற்றதைக் கண்டும் காணாததுபோல இருப்பது நேர்மையல்ல. ஒரு பொதுக் கட்சியில் சிறுபான்மையாகச் சேர்ந்து வெல்வதற்கு ஒரு விலை இருக்கிறது. தனிக் கட்சி அமைத்து நிற்பதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதை நாம் எண்பதுகளிலிருந்து கட்டிக்கொண்டு வருகிறோம். எது கூடிய விலை என்பதில் என் ஆசிரிய நண்பர்களே இரண்டு பட்டு நிற்கிறார்கள்.

அவருடைய பிழைகளையும் சொல்ல வேண்டும். மாநில சபை உறுப்பினராக இருந்த காலத்தின் தேர்தல் நிதியைத் தனிப்பட்ட விடயங்களுக்குப் பயன்படுத்தியதற்காக, சுமார் 3,500 டொலரைத் திருப்பிச் செலுத்தவும் 500 டொலர் தண்டம் கட்டவும் மாநிலத் தேர்தல் நிதிச் சபை 2019 ஜூனில் உத்தரவிட்டது. அதே வருடம் பெப்ரவரியில், இஸ்ரேலுக்கான அமெரிக்க ஆதரவு பணத்தால் வருவதென்ற பொருளில் எழுதிய டுவிட்டர் பதிவு யூதர்களைப் பற்றிய பழைய அவதூறை நினைவூட்டியதாகக் கண்டனம் எழ, மன்னிப்புக் கோரினார். இஸ்ரேலிய அரசை விமர்சிப்பதற்கும் யூதர்களைப் பற்றிய வசைக்கும் இடையிலான கோடு எங்கே என்பதை எலிசன் 2006 இல் கற்றார். இல்ஹானும் பொது அரங்கிலேயே கற்க வேண்டியிருந்தது.

மறுபுறத்தில் அவர் அனுபவித்தது கொஞ்சமல்ல. 2019 ஜூலையில் ட்ரம்ப், வந்த நாடுகளுக்கே திரும்பிப் போகுமாறு நான்கு பெண் உறுப்பினர்களை நோக்கி எழுதினார். நால்வரில் மூவர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். பிரதிநிதிகள் சபை 240 க்கு 187 என்ற வாக்குகளால் அதைக் கண்டித்தது. 2023 பெப்ரவரி 02 இல், குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை அவரை வெளிவிவகாரக் குழுவிலிருந்து 218 க்கு 211 என்ற வாக்குகளால் நீக்கியது.

ஆனால் அவரது ஆசனத்துக்கு மிகப் பெரிய ஆபத்து வந்தது வாஷிங்டனிலிருந்தல்ல. ஜோர்ஜ் புளொய்ட்டின் கொலைக்குப் பிறகு, மினியாபொலிஸ் பொலிஸ் திணைக்களத்தைக் கலைத்துப் புதிய அமைப்பொன்றை உருவாக்கும் யோசனையை இல்ஹான் ஆதரித்தார். 2021 நவம்பரில் நகர மக்கள் அதை 56 க்கு 44 சதவீதம் என்ற அளவில் நிராகரித்தார்கள். நகரசபையின் முன்னாள் உறுப்பினர் டொன் சாமுவேல்ஸ், கறுப்பினத்தவர், பாதுகாப்பையே தலைப்பாக வைத்து 2022 முதனிலைத் தேர்தலில் அவரை எதிர்த்தார். வித்தியாசம் 2,466 வாக்குகள். முஸ்லிம் என்பதற்காக அவரை வெறுத்தவர்களின் வாக்குகள் அந்தத் தொகுதியில் அவ்வளவு இல்லை. முன்பு அவருக்குப் போட்டவர்களே தெருப் பாதுகாப்புக்காக மாறிப் போட்டார்கள். அடுத்த இரண்டு வருடங்கள் இல்ஹான் தொகுதியை விட்டு அதிகம் நகரவில்லை என்கிறார்கள். 2024 ஆகஸ்டில் அதே சாமுவேல்ஸ் மீண்டும் வந்தார். இம்முறை இல்ஹானுக்கு 56 சதவீதம், அவருக்கு 43 சதவீதம்.